பெட்டிக்குள் உறங்கும் வண்ணங்கள்: ஸ்லைடும் ஸ்கேனரும் வந்த வழி

"ஸ்லைடு" என்று இன்றைய மாணவர் ஒருவரிடம் சொன்னால், கம்ப்யூட்டர் திரையில் வரும் ஒரு பக்கத்தைத்தான் நினைத்துக்கொள்வார். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விழிப்பார். 1987-ல் பவர்பாயிண்ட் வெளிவந்த காலத்தில், ஸ்லைடு என்றால் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கக்கூடிய ஒரு பொருள். இரண்டு அங்குலச் சதுர அட்டை. அதன் நடுவே 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட ஒரு துண்டு பிலிம். அவ்வளவுதான்.

நம் காலத்தில் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, விளக்கை அணைத்ததும் பின் பெஞ்சிலிருந்து எழும் சலசலப்பு, புரொஜெக்டர் விசிறியின் இரைச்சல், திரையில் படம் கவிழ்ந்து விழுந்ததும் "சார், தலைகீழ்!" என்ற கூச்சல். இவையெல்லாம் பாடத்தின் ஒரு பகுதி. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறையில் கிடைக்கும் அம்மோனைட் சங்கையும், சாத்தனூர்க் கல்மரத்தையும் நேரில் பார்ப்பதற்கு முன்பே நம்மில் பலர் திரையில் பார்த்துவிட்டோம்.

அந்த ஸ்லைடுகளும், கல்விச் சுற்றுலா, கல்லூரி விழா, விளையாட்டு விழா என்று ஆசிரியர்களும் மாணவர்களும் எடுத்த ஸ்லைடுகளும் இன்னும் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. இவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்பதில் நம் சங்கத்தில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. "அதெல்லாம் சரிப்பா. எந்த ஸ்கேனர் வாங்கலாம்? ஒரு பேரைச் சொல்லு, இந்த வருஷமே முடிச்சிடலாம்" என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி.

ஒரு பேரைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்தப் பேர் ஏன் என்பது புரிய வேண்டுமானால், பிலிம் எப்படிப் பிறந்தது, அதைப் படிக்கும் கருவி எப்படி வந்தது, வந்த வேகத்தில் எப்படிக் காணாமல் போனது என்ற கதை தெரிந்திருக்க வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு ஒருமுறை செய்யப்போகும் வேலை. கடைக்காரர் சொன்னதை நம்பி இறங்கிவிடக் கூடாது.

இசைக்காரர்கள் கண்டுபிடித்த பிலிம்

வெளிச்சத்தின் முன்னே ஒரு படத்தை வைத்து, லென்ஸ் வழியாகச் சுவரில் பெரிதாக்கிக் காட்டும் யோசனை மிகப் பழையது. டச்சு விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1659-லேயே இதற்கான படங்களை வரைந்துவைத்திருக்கிறார். மாய விளக்கு என்று பெயர் பெற்ற அந்தக் கருவியில் கண்ணாடித் தகட்டில் கையால் தீட்டிய ஓவியங்களைச் செருகிக் காட்டினார்கள். பிறகு புகைப்படக் கலை வந்து, கண்ணாடித் தகட்டிலேயே புகைப்படமும் பதிந்தது.

இயற்கை வண்ணத்தைச் சாதாரண ஆளும் தன் காமிராவில் பிடிக்கலாம் என்ற நிலை வந்தது 1930-களில்தான். அதைச் சாதித்த இருவரும் தொழில்முறை விஞ்ஞானிகள் அல்லர் என்பது சுவையான செய்தி. லியோபோல்ட் மான்ஸ் பியானோ வாசிப்பவர். லியோபோல்ட் கோடவ்ஸ்கி வயலின் வாசிப்பவர். பள்ளி நாளிலிருந்தே வண்ணப் படத்தின் மேல் இருவருக்கும் பைத்தியம். 1930-ல் கோடக் நிறுவனம் தன் ஆராய்ச்சிக் கூடத்துக்கு அவர்களை அழைத்துக்கொண்டது. இருட்டறையில் கடிகாரம் பார்க்க முடியாது என்பதால் பிராம்ஸின் இசையைச் சீட்டியடித்தே நேரத்தைக் கணக்கிட்டார்கள் என்று சொல்வார்கள். தாளம் தப்பாதவர்களுக்குக் கடிகாரம் எதற்கு? 1935-ல் சினிமா பிலிமாகவும், 1936-ல் 35 மில்லிமீட்டர் காமிராவுக்கான பிலிமாகவும் கோடாக்ரோம் வெளிவந்தது. "காட்" என்பவரும் "மேன்" என்பவரும் சேர்ந்து, அதாவது கடவுளும் மனிதனும் சேர்ந்து, செய்தது என்று அந்தக் கூடத்தில் ஒரு வேடிக்கைப் பேச்சும் இருந்தது.

அதே 1936-ல் ஜெர்மனியில் ஆக்பா நிறுவனம் தன் வண்ண ஸ்லைடு பிலிமைக் கொண்டுவந்தது. இரண்டுக்கும் அடிப்படையில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பின்னால் ஸ்கேனரைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும் என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஆக்பா பிலிமில் சாயத்தை உண்டாக்கும் ரசாயனம் பிலிமுக்குள்ளேயே இருக்கிறது. கோடாக்ரோமில் அப்படியில்லை. அது உண்மையில் மூன்று அடுக்குக் கறுப்பு வெள்ளைப் பிலிம். கழுவும்போதுதான் ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனியாகச் சாயம் ஏற்றப்படுகிறது. அதனால் அதைக் கழுவுவது பெரிய தொழிற்சாலை வேலை. கண்ட இடத்தில் செய்ய முடியாது. ஆனால் பிலிமில் மிச்ச ரசாயனம் தங்காததால், இருட்டில் வைத்திருக்கும்வரை அதன் வண்ணம் அசைவதில்லை.

1946-ல் கோடக்கே எக்டாக்ரோம் என்ற பிலிமையும் வெளியிட்டது. இது ஆக்பா வழியில் போனது. தேவையான ரசாயனங்களை வாங்கி வைத்துக்கொண்டால் சின்ன லேபிலேயே கழுவலாம். நம் ஊர் ஸ்டூடியோக்கள் கழுவித் தந்த ஸ்லைடுகள் பெரும்பாலும் இந்த வகைதான். கிழக்கு ஜெர்மனியின் வோல்பென் நகரில் தயாரான ஓர்வோ பிலிமும் அந்நாளில் இந்தியா முழுக்கக் கிடைத்தது. "ஒரிஜினல் வோல்பென்" என்பதன் சுருக்கமே ஓர்வோ. நம் உதகமண்டலத்தில் 1960-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த "இந்து" கறுப்பு வெள்ளைப் பிலிமையும் மறந்துவிட வேண்டாம். ஆக, ஒரு கல்லூரி அலமாரியில் கிடக்கும் ஸ்லைடு எல்லாம் ஒரே ஜாதி அல்ல. அட்டையின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் பெயரைப் பார்த்தால்தான் எது என்ன என்று தெரியும்.

1961-ல் கோடக்கின் கரோசல் புரொஜெக்டர் வந்தது. வட்டத் தட்டில் எண்பது ஸ்லைடுகளை அடுக்கிவிட்டால், பொத்தானை அமுக்க அமுக்க ஒவ்வொன்றாக விழும். வகுப்பறை, மாநாடு, கல்யாண வீடு எல்லா இடத்திலும் ஸ்லைடு காட்டுவது ஒரு பழக்கமாகவே ஆனது.

மங்கும் வண்ணம்

ஸ்லைடுக்கு மூன்று எதிரிகள். முதலாவது காலம். எக்டாக்ரோமின் ஆரம்பகாலப் பிலிம்கள் இருட்டில் சும்மா இருந்தாலே நிறம் மாறிவிடுகின்றன. நீலப்பச்சைச் சாயம் முதலில் போய், படம் முழுக்கச் செம்மை படர்கிறது. இரண்டாவது எதிரி நாம்தான். ஒரு ஸ்லைடைத் திரும்பத் திரும்பத் திரையில் காட்டினால் புரொஜெக்டர் விளக்கே அதன் சாயத்தைத் தின்றுவிடும். இருட்டில் அசையாத கோடாக்ரோம், வெளிச்சத்தில் எக்டாக்ரோமைவிடச் சீக்கிரம் வெளுத்துவிடும் என்பது விசித்திரம். ஆகவே ஆசிரியர்கள் அதிகம் விரும்பிக் காட்டிய படங்கள்தான் இன்று அதிகம் கெட்டுப்போயிருக்கும்.

மூன்றாவது நம் ஊர்க் காற்று. பிலிமின் மேல் பூச்சு ஜெலட்டின். அதாவது பூஞ்சைக்குச் சாப்பாடு. ஐப்பசி, கார்த்திகை மழை ஒவ்வொன்றும் அதற்கு ஒரு விருந்து. பூஞ்சை பிடித்த இடத்தில் ஜெலட்டின் நீரில் கரையும் நிலைக்கு வந்துவிடுகிறது என்பதால் தண்ணீர் தொட்டுத் துடைக்கவே கூடாது. துடைத்தால் பூஞ்சையோடு படமும் சேர்ந்து வந்துவிடும். வேட்டி நுனியால் துடைப்பதும் வேண்டாம். ரப்பர் பந்தால் காற்றடித்துத் தூசியை நீக்குவதே போதும்.

176 புள்ளியில் ஒரு குழந்தை

இனி ஸ்கேனர் பக்கம் வருவோம். ஒரு படத்தைச் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் எண்ணாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கலாம் என்று முதலில் செய்து காட்டியவர் ரஸ்ஸல் கிர்ஷ். 1957-ல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணயக் கழகத்தில் அவர் ஸ்கேன் செய்தது, மூன்று மாதமே ஆன தம் மகன் வால்டனின் புகைப்படம். குறுக்கே 176 புள்ளி, நெடுக்கே 176 புள்ளி. மொத்தம் 30,976. இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் போன் எடுக்கும் படத்தின் ஒரு மூலைக்குக்கூட அது காணாது. ஆனால் பிறகு வந்த எல்லா ஸ்கேனருக்கும் தாய் அதுதான்.

அதன் பின் பத்திரிகை உலகம் இதைக் கையில் எடுத்துக்கொண்டது. டிரம் ஸ்கேனர் என்று ஒரு ராட்சதக் கருவி. சுழலும் உருளையின் மேல் பிலிமை ஒட்டி, ஒளியைப் பெருக்கும் குழாய்களால் புள்ளி புள்ளியாகப் படிப்பார்கள். தரத்தில் அதை மிஞ்ச இன்றும் எளிதல்ல. ஆனால் ஒவ்வொரு பிலிமையும் அட்டையிலிருந்து பிரித்து, ஒட்டி, எடுத்து, மறுபடி அட்டையில் மாட்ட வேண்டும். பத்துப் படத்துக்குச் சரி. ஐயாயிரத்துக்கு முடியுமா?

1969-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி என்ற சில்லைக் கண்டுபிடித்தார்கள். அதற்காக 2009-ல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. வெளிச்சத்தை நேரடியாக மின்சாரமாக்கும் அந்தச் சில்லால் ஸ்கேனர் மேஜை மேல் வைக்கும் அளவுக்குச் சுருங்கியது. 1988-ல் நிக்கான் தன் முதல் 35 மில்லிமீட்டர் பிலிம் ஸ்கேனரை வெளியிட்டது. 1992-ல் கூல்ஸ்கேன் என்ற பெயர் வந்தது. விளக்கு சூடாகாமல், எல்இடி வெளிச்சத்தில் படிப்பதால் அந்தப் பெயர்.

அதே 1992-ல் கோடக் போட்டோ சிடி என்ற திட்டத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிலிமை லேபில் கொடுத்தால் ஒரு தட்டில் நூறு படம் வரை பதிந்து தருவார்கள். பெரிய அளவு 3072-க்கு 2048 புள்ளி. "இனிமேல் கவலையில்லை" என்று பல நிறுவனங்கள் அதில் இறங்கின. என்ன ஆயிற்று? அதன் கோப்பு வடிவம் கோடக்கின் சொந்தச் சொத்து. வெளியார் யாருக்கும் முழு விவரம் தரவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் அதைத் திறக்கும் மென்பொருள்களே அருகிப்போயின. தட்டு இருக்கிறது, படமும் இருக்கிறது, திறக்க வழியைத் தேட வேண்டியிருக்கிறது. ஸ்கேன் செய்துவிட்டோம் என்று மூல ஸ்லைடைத் தூக்கிப் போட்டிருந்தால் அவர்கள் கதி என்ன?

அடுத்த பெரிய அடி 1998-ல். நிக்கானின் கூல்ஸ்கேன் 2000 என்ற கருவியில் டிஜிட்டல் ஐஸ் என்றொரு வசதி வந்தது. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில் அப்ளைடு சயன்ஸ் பிக்‌ஷன் என்ற சிறிய நிறுவனம் உருவாக்கிய உத்தி அது. தத்துவம் எளிமையானது. வண்ணப் பிலிமின் சாயங்கள் அகச்சிவப்புக் கதிரை மறைப்பதில்லை, கண்ணாடி மாதிரி விட்டுவிடுகின்றன. தூசியும் கீறலும் மறைக்கின்றன. ஆகவே அகச்சிவப்பில் ஒருமுறை படித்தால் தூசி எங்கே, கீறல் எங்கே என்று ஒரு வரைபடமே கிடைத்துவிடும். அந்த இடங்களை மட்டும் சுற்றியுள்ள வண்ணத்தைக் கொண்டு கம்ப்யூட்டர் நிரப்பிவிடும். ஒரு ஸ்லைடுக்கு அரைமணி நேரம் உட்கார்ந்து புள்ளி புள்ளியாகத் தூசி நீக்கியவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல். கோடாக்ரோமின் நீலப்பச்சைச் சாயம் அகச்சிவப்பையும் ஓரளவு மறைக்கிறது. கறுப்பு வெள்ளைப் பிலிமில் படமே வெள்ளித் துகள். அது முழுக்க மறைக்கும். அந்த மாதிரி பிலிமில் இந்த வசதியைப் போட்டால், படத்தின் கறுப்புப் பகுதியையே தூசி என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். பிலிமின் ஜாதியைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஒரு பழைய மாணவரின் சொத்து

நம்மைப் போன்ற ஒரு பழைய மாணவர் சங்கத்துக்குப் பாடமாக அமைந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்ல வேண்டும்.

சார்லஸ் குஷ்மன் என்பவர் 1896-ல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிறந்தார். 1917-ல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். வணிகத் துறையில் உத்தியோகம். புகைப்படம் எடுப்பது வெறும் பொழுதுபோக்கு. 1938-ல் தம் காமிராவில் கோடாக்ரோமைப் போட ஆரம்பித்தவர் 1969 வரை நிறுத்தவில்லை. சிகாகோவின் மேக்ஸ்வெல் தெருச் சந்தை, நியூயார்க்கின் ஏழை எளியவர்கள் வாழ்ந்த கிழக்குப் பகுதி, சான்பிரான்சிஸ்கோ துறைமுகம், ரோட்டோரத்துக் கடைகள், இடிக்கப்படப் போகும் வீடுகள் என்று போன இடமெல்லாம் எடுத்தார். உலகம் கறுப்பு வெள்ளையில் நினைவு வைத்திருக்கும் ஒரு காலத்தை அவர் வண்ணத்தில் பிடித்துவைத்தார்.

1972-ல் அவர் காலமானார். தம்மிடம் இருந்த சுமார் 14,500 ஸ்லைடுகளையும் தாம் படித்த பல்கலைக்கழகத்துக்கே எழுதிவைத்திருந்தார். பல்கலைக்கழகம் வாங்கி ஆவணக் காப்பகத்தில் வைத்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் அவை பெரிதாக யார் கண்ணிலும் படவில்லை. 2000-களின் தொடக்கத்தில்தான் மானியம் பெற்று, ஸ்லைடுகளை ஸ்கேன் செய்து, இணையத்தில் எல்லோரும் பார்க்க வைத்தார்கள். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். 1941-ன் ஒரு தெருவில் நிற்கும் பெண்ணின் சட்டை, நேற்றுத் துவைத்து மாட்டியது போல இருக்கிறது. வரலாற்றாசிரியர் எரிக் சாண்ட்வைஸ் 2012-ல் அவரைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, அத்தனை வருஷம் கழித்தும் வண்ணம் தங்கியதற்குக் காரணம் கோடாக்ரோமும், அதை இருட்டில் சும்மா வைத்திருந்ததும். இரண்டாவது, குஷ்மன் பிரபலமானவர் அல்லர். போட்டிகளில் பரிசு வாங்கியதற்காக யாரும் அவர் படங்களைத் தேடவில்லை. எல்லோரும் சாதாரணம் என்று விட்டுவிட்டதை எடுத்தார் என்பதாலேயே அவை விலைமதிப்பற்றவை ஆயின. மூன்றாவதுதான் முக்கியம். அவர் சிறு நோட்டுகளில் ஒவ்வொரு படத்துக்கும் எந்த இடம், எந்தத் தேதி என்று எழுதிவைத்திருந்தார். அந்த நோட்டுகள் இல்லாவிட்டால், பதினாலாயிரம் அழகான படங்கள் இருந்திருக்கும். வரலாறு இருந்திருக்காது.

இதே போல, அமெரிக்கச் சாலையோரக் கட்டடங்களை நாற்பது ஆண்டுகள் எடுத்த ஜான் மார்கோலிஸ் என்பவரின் 11,710 ஸ்லைடுகளை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஸ்கேன் செய்து, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று வைத்திருக்கிறது. எண்ணிக்கையைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கருவிகள் மறைந்த கதை

ஸ்லைடுக்கான ஸ்கேனர்கள் உச்சத்தைத் தொட்ட காலம் மிகக் குறுகியது. 2003-ல் மினோல்டா 5400 புள்ளி படிக்கும் கருவியை வெளியிட்டது. அதையொட்டி நிக்கானின் கூல்ஸ்கேன் 5000 வந்தது. அதற்கென்று தனியே விற்ற ஊட்டியைப் பொருத்தினால் ஐம்பது ஸ்லைடுகளை அடுக்கிவிட்டுச் சாப்பிடப் போகலாம். (அட்டை வளைந்திருந்தால் நடுவில் சிக்கிக்கொள்ளும், அது வேறு விஷயம்.) 2006-ல் எப்சன் நிறுவனத்தின் வி700 வந்தது. இது தட்டை ஸ்கேனர். காகிதமும் படிக்கும், ஒரே நேரத்தில் பன்னிரண்டு ஸ்லைடும் படிக்கும்.

ஆனால் டிஜிட்டல் காமிரா வந்து பிலிமை ஓரங்கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. பிலிம் எடுப்பவர் குறையக் குறைய, ஸ்கேனர் வாங்குபவரும் குறைந்தார். 2004-ல் கரோசல் புரொஜெக்டர் தயாரிப்பு நின்றது. 2006-ல் கோனிகா மினோல்டா காமிரா, பிலிம் தொழிலை விட்டே விலகியது. 2009-ல் கோடாக்ரோம் நிறுத்தப்பட்டது. கடைசியாகத் தயாரான ஒரு சுருளைப் புகைப்படக்காரர் ஸ்டீவ் மக்கரிக்குக் கொடுத்தார்கள். அதில் ஒரு பகுதியை அவர் இந்தியாவில்தான் எடுத்தார். உலகத்தில் கோடாக்ரோம் கழுவிய கடைசி லேப், கான்சாஸ் மாநிலம் பார்சன்ஸ் என்ற சிற்றூரில் இருந்தது. 2010 டிசம்பர் 30-ஆம் தேதியை அங்கே கடைசி நாளாக வைத்தார்கள். ஏறத்தாழ அதே சமயத்தில் நிக்கானும் கூல்ஸ்கேன் வரிசையைக் கைவிட்டது. 2012 ஜனவரியில் கோடக்கே திவால் மனு போட்டது. எக்டாக்ரோமும் நின்றுபோய், 2018-ல் மறுபடி வந்தது. கோடாக்ரோம் வரவேயில்லை.

அதனால்தான் இன்று ஒரு விசித்திர நிலைமை. பெட்டிகளில் ஸ்லைடு கோடிக்கணக்கில் இருக்கிறது. அதைப் படிப்பதற்கென்றே செய்த நல்ல கருவிகளில் பல, பழைய சாமான் சந்தையில்தான் கிடைக்கின்றன.

சரி, எதை வாங்குவது?

கடையில் முதலில் காட்டுவது டிபிஐ என்ற எண்ணைத்தான். ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி படிக்கும் என்பது அது. 4000 டிபிஐ-யில் ஒரு ஸ்லைடு ஏறத்தாழ 5670-க்கு 3780 புள்ளி. அதாவது இரண்டு கோடியே பதினான்கு லட்சம். கையில் பிடித்து எடுத்த சாதாரணப் படத்துக்கு அதற்கு மேல் போவதால் பிலிமின் துகள்தான் பெரிதாகத் தெரியும். அட்டைப்பெட்டி மேல் அச்சடித்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. தட்டை ஸ்கேனர்களில் 6400 என்று போட்டிருப்பார்கள். சோதித்துப் பார்த்தவர்கள் உண்மையில் பிரித்துக் காட்டுவது அதில் பாதிக்கும் குறைவு என்று கண்டிருக்கிறார்கள்.

டிபிஐயைவிட முக்கியம், நிழலுக்குள் எவ்வளவு தூரம் பார்க்கும் என்பது. ஸ்லைடின் கரிய பகுதிகள் ரொம்பவும் அடர்த்தியானவை. அடர்த்தி 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் ஊடுருவும். 3.6 என்றால் சுமார் நாலாயிரத்தில் ஒரு பங்கு. கோடாக்ரோம் அந்த அளவுக்குப் போகும். மலிவான கருவி அங்கே ஒன்றும் பார்க்காமல் வெறும் கறுப்பாக்கிவிடும். மரத்தடியில் நிற்கும் நண்பர்களின் முகம் போய்விடும். நமக்கு வேண்டியது அந்த முகங்கள்தானே?

அடுத்தது நேரக் கணக்கு. ஐயாயிரம் ஸ்லைடு என்று வைத்துக்கொள்வோம். தூசி தட்டி, செருகி, படித்து, பெயரிட்டு முடிக்க ஒன்றுக்கு மூன்று நிமிஷம். மொத்தம் 250 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் நாலு மாதத்துக்கு மேல். முழுத் தரத்தில் சேமித்தால் ஒரு படம் சுமார் 128 மெகாபைட், ஐயாயிரத்துக்கு 640 கிகாபைட். இடம் இன்று பெரிய விஷயமில்லை. உட்காரும் ஆள்தான் விஷயம்.

இப்போது நம் முன்னே உள்ள வழிகள் நான்கு. தட்டை ஸ்கேனர் சுலபம். பார்வைப் பிரதிக்குப் போதும், காலத்துக்கும் வைக்கும் பிரதிக்குப் போதாது. பழைய கூல்ஸ்கேன் தரத்தில் சிறந்தது. ஆனால் தயாரித்தவரின் மென்பொருள் இன்றைய கம்ப்யூட்டரில் சரியாக ஓடாது. வியூஸ்கேன் போன்ற வெளியார் மென்பொருளை நம்ப வேண்டும். ரிப்பேர் வந்தால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டும். சில மாடல்களுக்கு இன்றைய கம்ப்யூட்டரில் இல்லாத பயர்வயர் இணைப்பு தேவை. மூன்றாவது, பிளஸ்டெக் போன்றவர்களின் பிலிம் ஸ்கேனர். புதிதாகக் கிடைக்கும், அகச்சிவப்பு வசதியுள்ள மாடலும் உண்டு. ஆனால் ஒவ்வொன்றாகக் கையால் தள்ள வேண்டும். நான்காவது, ஸ்கேனரே இல்லாத வழி. நல்ல டிஜிட்டல் காமிராவில் மேக்ரோ லென்ஸ் மாட்டி, சீரான வெளிச்சப் பலகையின் மேல் ஸ்லைடை வைத்துப் படம் எடுத்துவிடுவது. 24 மெகாபிக்சல் காமிரா ஏறத்தாழ 4000 டிபிஐ-க்குச் சமம். ஒரு ஸ்லைடுக்குச் சில விநாடிதான். பல காப்பகங்களே இன்று இந்தப் பக்கம் வந்துவிட்டன. குறை ஒன்றே: அகச்சிவப்பு இல்லாததால் தூசியைக் கையால்தான் நீக்க வேண்டும்.

என் யோசனை இது. முதல் சுற்றில் எல்லா ஸ்லைடையும் காமிராவில் பிரதி எடுத்துவிடுவோம். நம் பழைய மாணவர்களில் காமிரா வைத்திருப்பவர்கள் இரவல் தருவார்கள், செலவு வெளிச்சப் பலகைக்கும் ஸ்டாண்டுக்கும்தான். இரண்டாவது சுற்றில், முக்கியமானவை என்று பொறுக்கியவற்றையும், கீறலும் தூசியும் அதிகமான எக்டாக்ரோம் வகைகளையும் அகச்சிவப்பு வசதியுள்ள பிலிம் ஸ்கேனரில் மெதுவாகப் படிப்போம். கோடாக்ரோமுக்கும் கறுப்பு வெள்ளைக்கும் அந்த வசதியை நிறுத்திவிட வேண்டும். கோப்புகளை எல்லா மென்பொருளும் திறக்கும் டிஃப் வடிவத்தில் வைத்து, மூன்று பிரதி எடுத்து, மூன்று வெவ்வேறு இடத்தில் வைப்போம். போட்டோ சிடி கற்றுத் தந்த பாடம் அது. மூல ஸ்லைடுகளை எக்காரணம் கொண்டும் எறியக் கூடாது. பிவிசி உறைகளிலிருந்து எடுத்து, பாலிபுரொப்பிலீன் உறைக்கு மாற்றி, சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வைத்தால் நமக்குப் பின்னும் இருக்கும். இன்னொரு தலைமுறை, இதைவிட நல்ல கருவியோடு வரலாம்.

பென்சில் குறிப்பு

குஷ்மனிடம் நோட்டு இருந்தது. நம் ஸ்லைடுகளின் அட்டையில் என்ன இருக்கிறது? சிலவற்றில் பென்சிலால் ஓர் ஊர்ப் பெயர். சிலவற்றில் வெறும் எண். பெரும்பாலானவற்றில் ஒன்றுமே இல்லை. பாறையின் பெயரைப் புத்தகம் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். பாறைக்குப் பக்கத்தில் சுத்தியலோடு நிற்கும் பையன் யார், ஜீப்பின் பின்னால் பாதி முகம் தெரியும் லேப் அட்டெண்டர் அண்ணன் யார், அந்த வருஷம் கோப்பையை வாங்கிய அணியில் ஓரத்தில் நிற்பவர் யார் என்பதற்குப் புத்தகம் கிடையாது. அது உங்கள் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் படங்களை எடுத்த ஆசிரியர்களில் பலரும், அவற்றில் நிற்கும் நண்பர்களில் சிலரும் இப்போது நம்மோடு இல்லை. எந்த 4000 டிபிஐ ஸ்கேனரும் பெயரைப் படிக்காது.

அதனால் ஸ்கேனர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சந்திப்பு நாளன்று மதிய உணவுக்குப் பிறகு வெளிச்சப் பலகை ஒன்றையும் உருப்பெருக்கிக் கண்ணாடி இரண்டையும் ஒரு நோட்டையும் மேஜை மேல் வைக்கலாம் என்றிருக்கிறோம். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். பார்த்து, தெரிந்த பெயரை, ஊரை, வருஷத்தை அந்த எண்ணுக்கு நேரே எழுதுங்கள். நிச்சயமில்லை என்றால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள், அடுத்தவர் வந்து திருத்துவார். வீட்டில் சொந்த ஸ்லைடு வைத்திருப்பவர்கள் அவற்றையும் கொண்டுவாருங்கள், பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறோம். படிக்கிற கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள். அந்தச் சின்னச் சட்டத்துக்குள் இருக்கும் முகத்தைக் கண்டுபிடிக்க நம் எல்லோருக்குமே இப்போது அது தேவைப்படும்.